தப்பான ரீடிங் யாரைக் கொல்லும்?



"ராணுவத்துல டேட்டா இன்ஜினீயரா? அது ஏ.சி. ரூம் வேலைப்பா! துப்பாக்கியும் கிடையாது, ஆபத்தும் கிடையாது!" என்றான் ஹாஸ்டல் நண்பன் ஒருவன். எனக்கு உடனே பெல்கிரேடு நகரம்தான் நினைவுக்கு வந்தது.

1999 மே 7 இரவு. யுகோஸ்லாவியா மீது நேட்டோ படைகள் குண்டு வீசிக்கொண்டிருந்த நேரம். ஆயுதக் கொள்முதல் அலுவலகம் ஒன்றைத் தகர்க்க அமெரிக்க பி-2 விமானம் குண்டுகளைப் போட்டது. விமானியிடம் தவறில்லை; குறித்துக் கொடுத்த இடத்தில்தான் குண்டுகள் விழுந்தன. ஆனால் அங்கே இருந்தது... சீனத் தூதரகம்! சீனப் பத்திரிகையாளர்கள் 3 பேர் இறந்தார்கள்.

எப்படி நடந்தது? உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் தலைவர் ஜார்ஜ் டெனட் அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் விளக்கினார். தூதரகம் 1996-லேயே புது இடத்துக்கு மாறிவிட்டது. தகவல் தொகுப்பிலோ பழைய இடமே இருந்தது. 'தாக்கக் கூடாத இடமா?' என்று சரிபார்த்ததும் அதே பழைய தகவலை வைத்துத்தானாம்! ஓர் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது, சொல்லியும் பார்த்தார். மேலே போய்ச் சேரவில்லை. (இந்த விளக்கத்தைச் சீனா ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

ஆக, ராணுவத்தில் தலைமை டேட்டா இன்ஜினீயரின் வேலை கம்ப்யூட்டரில் தகவலைக் கொட்டுவது மட்டுமல்ல. இது எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் எடுத்தது, யார் சரிபார்த்தது என்று விடாமல் கேட்பதுதான் வேலை. சந்தேகப்படும் ஜூனியரின் குரலை மேலே கொண்டுபோவதும் அவர் பொறுப்பே.

'அதுக்கு நமக்கென்ன?' என்கிறீர்களா? நம்ம லேபுக்கு வாருங்கள். மீட்டர் வேலை செய்யாவிட்டால் என்ன செய்கிறோம்? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங்கை அப்படியே 'அடிச்சு' விடுகிறோம். கிராஃப் அழகாக வந்துவிடும், மார்க்கும் விழுந்துவிடும். நானும் செய்திருக்கிறேன், மறைக்கவில்லை. நிஜ ரீடிங் எழுதியவன்தான் கோணல் கிராஃபோடு 'ரிப்பீட்' வாங்கி நிற்கிறான்! இப்படிப் பழகிய கை, வேலைக்குப் போனதும் திருந்திவிடுமா?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். 'மீட்டர் ரிப்பேர், ரீடிங் எடுக்கவில்லை' என்று ஒரு மாணவன் எழுதினால் அந்த நேர்மைக்கும் மார்க் போடுங்கள். நண்பர்களே, அப்படி எழுதுகிற துணிச்சலை நாமும் வளர்த்துக்கொள்வோம். 'இந்த விலாசம் சரிபார்க்கப்படவில்லை' என்று ஒரே ஒரு வரி அந்தத் தொகுப்பில் இருந்திருந்தால், மூன்று உயிர்கள் மிஞ்சியிருக்கலாம்!