யாருக்குப் பயம்?

"குழந்தைங்க பயந்துடும்" என்று ஒரு பெரியவர் சொன்னால், நான் முதலில் பார்ப்பது அந்தப் பெரியவரின் முகத்தைத்தான்.

2009 ஜனவரியில் கெர்ரி பர்னெல் பிபிசியின் சிபீபீஸ் சேனலில் தொகுப்பாளராகச் சேர்ந்தார். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கான சேனல். அதற்கு முன் ஈஸ்ட்எண்டர்ஸ், ஹோல்பி சிட்டி தொடர்களில் தலைகாட்டிய நடிகை. பிறவியிலேயே வலது முழங்கைக்குக் கீழே கை கிடையாது. செயற்கைக் கை மாட்டிக்கொள்ளவில்லை, கேமராவுக்காக ஒளிக்கவும் இல்லை. சில வாரங்களிலேயே புகார்கள் வந்தன. மகளுக்குக் கெட்ட கனவு வரும், இனி இந்தச் சேனலையே பார்க்க விடமாட்டேன் என்றார் ஒரு அப்பா. இந்த வயதிலேயே ஊனத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டியதாகிவிட்டதே என்று வேறு சிலர் குறைபட்டுக்கொண்டார்கள்.

அதே சேனலில் வயிற்றில் டிவியும் தலையில் ஆன்டெனாவும் வைத்த டெலிடப்பிகள் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்து யாருக்கும் தூக்கம் கெடவில்லை. பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளைக் காட்டிப் பெயர் வாசித்து, பாட்டுப் பாடிச் சிரிக்கிற ஒரு பெண்ணின் கையைப் பார்த்துக் கெட்டுவிடுமாம்!

நாலு வயசுக் குழந்தை என்ன கேட்கும்? "அந்த அக்காவுக்குக் கை எங்க?" "பொறக்கும்போதே அப்படித்தான்." "ம்ம்." அவ்வளவுதான், அடுத்து பிஸ்கட் கேட்கும். அந்தப் பத்து விநாடியைத் தாங்க முடியாதவர் சோபாவில் உட்கார்ந்திருப்பவர். தன் சங்கடத்தைத் தூக்கிக் குழந்தையின் தலையில் வைத்து, கையெழுத்தையும் அதன் பெயரில் போட்டுவிடுகிறார்.

பிபிசி பின்வாங்கவில்லை. பர்னெல் 2017 வரை அங்கேயே இருந்தார். எட்டு வருஷம் கிட்டத்தட்ட, தினசரி வேலை. ஆனால் அவரைப் பற்றிய கட்டுரைகள் அந்த 2009 புகார்களைத் தாண்டி நகர்வதே அபூர்வம். அடுத்த பத்தியில் "தன்னம்பிக்கையின் சிகரம்" வந்துவிடும். எனக்கு இந்தப் பாராட்டும் எரிச்சல்தான். புகார் சொன்னவர் கையை மட்டும் பார்த்தார். கண்கலங்கியவரும் அதையேதான் பார்க்கிறார். ஒரு தொகுப்பாளர் நன்றாகக் கதை சொல்கிறாரா, குழந்தையின் வேகத்துக்குப் பேசுகிறாரா என்று இரண்டு பேருமே கவனிப்பதில்லை. அவர் சிறுவர் நாவல்கள் எழுதியிருக்கிறார் என்பது கடைசி வரியில் ஒட்டிக்கொண்டிருக்கும், இருந்தால்.

2021இல் அவர் பிபிசிக்காக ஓர் ஆவணப்படம் செய்தார். மாற்றுத்திறனாளிகளை விடுதிகளுக்குள் அடைத்துக் கண்ணில் படாமல் வைத்திருந்த பிரிட்டனின் வரலாறு அது. பேருந்துகளோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போராடிய பிறகே, 1995இல் அங்கே பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வந்து பதினாலு வருஷம் கழித்துத்தான், "என் பிள்ளை கண்ணில் படக் கூடாது" என்று அந்தப் புகார்கள் எழுதப்பட்டன. விடுதிச் சுவர் இடிந்தும் அதைக் கட்டிய காரணம் அப்படியே இருந்திருக்கிறது.

நான் வேலை பார்க்கும் மென்பொருள் துறையில் இதற்கு 'எட்ஜ் கேஸ்' என்று பெயர். அடுத்த ரிலீஸில் பார்த்துக்கலாம் என்பார்கள். அந்த ரிலீஸ் வராது.

"எங்கள் குழந்தைகள்" என்று அந்தப் பெற்றோர் எழுதினார்களே, அந்தச் சொல்லுக்குள் எந்தக் குழந்தைகள் இருந்தார்கள்? கை இல்லாமல் பிறந்த மூணு வயசுப் பிள்ளையும் அதே காலையில் அதே சேனலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். அதன் பிறந்தநாள் அட்டையும் அந்தக் குவியலில் இருந்திருக்கும்.