ஆயிரத்தைத் தொடாத பாட்டு

சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமை மாலைகளில் படிவம் நான்கு மாணவர்களுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். சென்ற மாதம் வகுப்பு தொடங்குமுன், "இந்த வாரம் என்ன புதுப்பாட்டு கேட்டீங்க?" என்று கேட்டேன். பதில்கள் மளமளவென்று வந்தன. அனிருத் என்றார்கள், சாய் அபயங்கர் என்றார்கள். ஒரு பெண் கொரியப் பாட்டு, இன்னொருவன் மலாய் ராக். கடைசி வரிசையில் ஒரு பையன் மட்டும் வாய் திறக்கவில்லை. வகுப்பு முடிந்து படியிறங்கும்போது மெதுவாகச் சொன்னான்: "எங்கண்ணன் ஒரு பாட்டு விட்டிருக்காரு சார். யாரும் கேக்கல."

அன்றிரவே கேட்டேன். ராப். தாளக்கட்டு நன்றாக இருந்தது. இரண்டு இடத்தில் ழகரம் சறுக்கியது. ஆனால் மழை பெய்து ஓய்ந்தபின் எங்கள் ஆற்றிலிருந்து வரும் வாடையும், மின்தூக்கி பழுதான நாளில் சந்தைப் பையோடு மாடியேறும் அம்மாவும் அந்தப் பாட்டில் இருந்தார்கள். சென்னையிலிருந்து வரும் எந்தப் பாட்டிலும் நான் அவர்களைச் சந்தித்ததில்லை. கேட்டவர் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டவில்லை.

2015 ஜூலையிலிருந்து உலகெங்கும் புதுப்பாட்டு வெளியாகும் நாள் வெள்ளிக்கிழமை என்று இசை நிறுவனங்கள் ஒழுங்கு செய்துகொண்டன. அந்த ஒரே நாளில் எல்லா மொழியும் எல்லா வகையும் நம் கைப்பேசியில் வந்து கொட்டுகின்றன. அந்தக் குவியலில்தான் இந்த அண்ணனின் பாட்டும் விழுகிறது. இன்னொரு விதியையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 தடவை ஒலிக்காத பாட்டுக்கு ஸ்போட்டிஃபை ஒலிப்பதிவு உரிமைத்தொகை கணக்கிடுவதில்லை. ஒரே ஆள் ஆயிரம் தடவை சுற்றவிட்டாலும் செல்லாது. குறைந்தபட்சம் இத்தனை பேர் கேட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. சில்லறைக் காசு எப்படியும் பாடகர் கைக்குப் போய்ச் சேருவதில்லை என்பது நிறுவனத்தின் வாதம். அதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். சில சென் காசுக்காக யாரும் பாடுவதில்லை. ஆனால் பகுதிநேர வேலைச் சம்பளத்தைச் சேர்த்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொடுத்த ஓர் இளைஞனுக்கு, "உன் பாட்டு கணக்கிலேயே இல்லை" என்பது வேறு மாதிரி கேட்கும்.

40 பேர் கொண்ட ஒரு வகுப்பு, ஆளுக்கு 25 தடவை கேட்டால் அது ஆயிரம். ஒரு தவணைக்குள் முடிகிற காரியம்.

"உள்ளூர்ப் பாட்டில் தரமில்லை சார்" என்ற பேச்சு உடனே வரும். வரட்டும். ஆலிகேட்ஸ் என்ற பெயரை உங்கள் தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள். பெரிய சுருள்முடியோடு டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் பாடிய அந்தக் குழு 1960களின் இறுதியில் இதே பினாங்கில் தொடங்கியது. ஹாங்காங் வரை போய்ப் பாடிவிட்டு வந்து, மலாய்ப் பாட்டால் நாடு முழுவதையும் பிடித்தார்கள். 1998இல் பொயட்டிக் அம்மோ ஒரே இசைத்தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், கன்டனிஸ் என்று ராப் பாடியது. அதிலிருந்த யோகி பி, 2006இல் நட்சத்திராவோடு 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டு வந்தபோது தமிழ்நாட்டு இளைஞர்கள் நம் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்காக வருவதெல்லாம் நன்று என்று சொல்ல மாட்டேன். உள்ளூர் வெளியீடுகளில் பாதிக்குமேல் காதல் தோல்விப் பாட்டு. மழை, கிட்டார், கடற்கரையில் தனியாக நிற்கும் கதாநாயகன். ஒன்றைக் கேட்டால் பத்தைக் கேட்ட மாதிரி. ராப்பில் சொல்வளம் இருக்கிறது, ஆனால் கெத்தும் கும்பல் பெருமையும் தேவைக்கு மேல். எனக்கு நம்பிக்கை தருவது, சிலர் முகம் சுளிக்கும் உறுமி மேளம்தான். தைப்பூசம் நெருங்கும்போது வரும் புதுப் பாடல்களைக் காதணி ஒலிப்பானில் கேட்டுப் பாருங்கள். தண்ணீர்மலை வழியில் இரைச்சலாகத் தெரிந்தது, அங்கே எவ்வளவு நுணுக்கமான தாளக்கணக்கு என்று புரியும். அதை வாசிப்பவர்கள் பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள், குறிப்பைப் பார்த்து அல்ல, காதால் கற்றவர்கள்.

2021இல் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகைச் சுற்றியதே, அதன் பின்னால் இருந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டியின் கதை. நம் பாட்டிமார்கள் பால்மரம் வெட்டியவர்கள். அந்தக் கதையைப் பாட இங்கே ஆள் இருக்கிறார்கள். கேட்டவர்கள் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால்தான் அவர்கள் அடுத்ததை எழுதுவார்கள்.

ஆகவே என் மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் ஒன்று கொடுத்தேன். மாதம் ஒரு மலேசியத் தமிழ்ப் பாட்டு, எந்த வகையானாலும் சரி. எண்பது சொற்களில் மதிப்பீடு. பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் காரணம் வேண்டும், 'சூப்பர்' என்ற சொல் கூடாது. பாடலாசிரியர் பெயர் கட்டாயம். இந்தக் கடைசி நிபந்தனைதான் அவர்களைத் திணற வைத்தது. பல உள்ளூர்க் காணொளிகளின் கீழே ஒப்பனை செய்தவர் பெயர் இருக்கிறது, மோட்டார் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, எழுதியவர் பெயர் இல்லை. கலைஞர்களே, இது உங்கள் பக்கத்துத் தவறு.

முதல் மாதத்துக்கு அந்த அண்ணனின் பாட்டையே எடுத்தோம். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அம்மா வரும் பகுதி நீளம் என்றது ஒரு கட்சி, அதுதான் பாட்டே என்றது இன்னொன்று. ழகரத்தை மூன்று பேர் பிடித்துவிட்டார்கள். தாள்களைக் கட்டித் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன், கொஞ்சம் பயத்தோடுதான்.

அடுத்த சனிக்கிழமை அவன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தான். "எல்லாத்தையும் படிச்சாரு சார். அந்த ரெண்டு எடத்தையும் மறுபடி பாடப் போறாராம்."