சூதுக்கு ஓர் எல்லை

திருவண்ணாமலை போன்ற திருவிழா நகரங்களில் கூட்டம் திரளும் வேளையில் தெருவோரத்தே சீட்டு விரிப்போர் வந்து சேர்தலும், சூதறியாக் கிராமத்தார் அவரிடம் பொருளிழத்தலும் பழைய செய்திகளே. ஆயினும் அச்சூதுக்கு இயல்பாகவே இரண்டு எல்லைகள் இருந்தன. மடியிலுள்ள முடிச்சுத் தீர்ந்தால் ஆட்டமுந் தீரும். திருவிழாக் கலைந்தால் ஆட்டக்காரருங் கலைவர்.

இக்காலத்துக் கைப்பேசிச் சூதுக்கோ மடியுமில்லை, விடிவுமில்லை. பாங்கியிலுள்ள பணமும், அது தீர்ந்தபின் கடன் வாங்கிய பணமும் ஒரு விரல் தீண்டலிற் போய்விடுகின்றன. 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவார்க்குக் கால்நோவே களைப்பை அறிவிக்கும். விரல்நுனியால் ஆடுவார்க்கு அங்ஙனம் அறிவிப்பது யாதுமில்லை.

இழந்த அவ்வெல்லைகளை மீட்டுத் தருதல் சர்க்காரின் கடமையென்பதே நமது அபிப்பிராயம். 2025-ம் வருஷம் பிப்ரவரி மாதம் தமிழ்நாட்டுச் சர்க்கார் வெளியிட்ட விதிகள் இந்நோக்கமுடையன. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரையிலும் பணம் வைத்தாடலாகாது. 18 வயது நிரம்பாதார் எப்பொழுதும் ஆடலாகாது என்று அவை விதித்தன. அவ்வருஷம் ஜூன் மாதம் சென்னை ஐகோர்ட்டும் அவை செல்லுமெனத் தீர்ப்பளித்தது. எனினும் நாள், வாரம், மாதச் செலவின் அளவை ஆடுகிறவனே குறித்துக்கொள்ளுமாறு விட்டது பெருங்குறையாம். குடிவெறி கொண்டான் கையில் அளவுக் கிண்ணத்தைக் கொடுத்தலால் யாது பயன்? இங்கிலாந்தில் பந்தயக் கடைகளிலுள்ள சூதாட்ட இயந்திரங்களில் ஒரு முறை வைக்கும் பணத்தை 100 பவுனிலிருந்து 2 பவுனாக 2019-ல் சர்க்காரே குறைத்தது.

2025 ஆகஸ்டில் இந்தியப் பார்லிமெண்டு இயற்றிய சட்டம் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை முற்றிலும் விலக்கியது. ஆடி இழந்தாரைத் தண்டியாது நடத்துவாரைத் தண்டிப்பதும், பாங்கிகள் அவ்வாட்டங்களுக்குப் பணஞ் செலுத்த உதவலாகாதென்பதும் அதன் சிறப்புகள். பணம் செல்லும் வழியை அடைத்தாலன்றிக் கடல் கடந்து ஒளிந்து நடத்துவாரைத் தடுத்தல் அரிது.

'என் பொருளை யான் செலவிடுவதில் சர்க்காருக்கு யாது வழக்கு?' என்பார் உளர். அப்பொருள் அவருடையது மாத்திரமோ? கல்லூரிச் சம்பளத்துக்கென்று தந்தையார் நிலத்தில் உழைத்து அனுப்பிய பணம் ஓரிரவில் மறையுமாயின், இழந்தவன் மகன். அடுத்த போகம் வரையில் அதன் வட்டியைச் சுமப்பவர் தந்தையாரன்றோ?

மாணவ நண்பர்களே! சட்டம் வாயிலை அடைக்கும். சாளரத்தை அடைப்பது நும் பொறுப்பு. அறையிலுள்ள தோழன் நள்ளிரவிற் கைப்பேசி ஒளியில் விழித்திருப்பானாயின், எள்ளாது அவனருகே சென்று அமர்மின். அவனுக்கு அன்று வேண்டும் எல்லை அதுவே.