கேஸ் கதம் ஹோ கயா!

நொய்டாவுக்குப் பொட்டி தட்ட வந்து 11 வருஷம் ஆச்சு. என் இந்தி இன்னமும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான். ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் தூக்கத்தில் சொன்னாலும் புரியும். வருஷா வருஷம் மே மாதம் எங்க வீட்டு ஹாலில் நின்றுகொண்டு யாராவது ஒருத்தர் சொல்லுவார்: "கேஸ் கதம் ஹோ கயா, ஸாப்." ஏசியில் கேஸ் தீர்ந்து போச்சாம்.

முதல் தடவை இது நடந்தபோது அம்மா பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தார். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ராத்திரி பதினொன்றரைக்கு அறைக்குள் 34 டிகிரி. ஏசி ஓடுகிறது, காற்று வருகிறது, குளிர் மட்டும் இல்லை. அம்மா ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "நம்மூர்ல ஃபேனே போதும் கண்ணு"ன்னு சொன்னார். தங்கமணி என்னைப் பார்த்த பார்வையில் அறை இன்னும் ரெண்டு டிகிரி ஏறியது :-)

மறுநாள் மெக்கானிக் வந்தார். அவுட்டோர் பைப்பில் கேஜை மாட்டினார், முள்ளைக் காட்டினார், மேற்படி வாக்கியத்தைச் சொன்னார். 2,800 ரூபாய். அன்றைக்கு 5,000 கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அறை ஜில்லென்று ஆச்சு. அடுத்த மே மாதம் வேறு மெக்கானிக், அதே வாக்கியம். அதற்கடுத்த வருஷமும் அதே கதை.

அந்த மூன்றாவது வருஷம் டெல்லியில் ஒரு கல்யாணத்துக்கு சித்தப்பா வந்திருந்தார். கோவையில் முப்பது வருஷம் ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏங் கண்ணு, உங்க ஊட்டு ஃபிரிட்ஜுக்கு எத்தன வருசத்துக்கு ஒருக்கா கேஸ் போடறே?"

"ஃபிரிட்ஜுக்கு எதுக்கு சித்தப்பா கேஸு?"

"அப்புறம் ஏசிக்கு மட்டும் எதுக்கு?"

ஙே என்று முழித்தேன். எங்க ஃபிரிட்ஜ் கல்யாணத்துக்கு வாங்கியது. ராத்திரி பகலாக ஓடுகிறது. ஒரு தடவை கூட கேஸ் போட்டதில்லை. ரெண்டும் ஒரே வேலையைச் செய்கிற மெஷின்தான். கேஸ் என்பது கார் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோவது இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே சூட்டை வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணி ஊத்துகிற கதை.

சித்தப்பா பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணியில் நுரைத்து, பால்கனியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் செப்புக் குழாய் சேருகிற நட்டில் தடவினார். கொஞ்ச நேரத்தில் குட்டிக் குட்டியாகக் குமிழி வந்தது. மூணு வருஷம், எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய், அந்தக் குமிழி வழியாகத்தான் போயிருக்கிறது.

ஏன் அந்த நட்டில்? வாடகை வீட்டுக்காரர்களான நமக்குத்தான் இது அதிகம். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை வீடு மாறுகிறோம். கழட்டி மாட்டும்போது குழாயின் விரித்த முனையைப் புதுசாக வெட்டி விரிக்காமல், பழசையே வைத்து நட்டை முறுக்கிவிடுவார்கள். லூசாக இருந்தாலும் கசியும், ஓவராக இறுக்கினாலும் முனை விரிசல் விட்டுக் கசியும். வீடு மாறும்போது கழட்டுகிறவரிடம் ரெண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, கழட்டும் முன் ஏசியை ஓடவிட்டு, வால்வை மூடி, கேஸ் முழுவதையும் அவுட்டோருக்குள் இழுத்துப் பூட்டச் சொல்லுங்கள். ரெண்டு, புது வீட்டில் முனையைப் புதிதாக விரித்து மாட்டச் சொல்லுங்கள்.

சரி, மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நாமே பார்க்க வேண்டியவை:

1. ரிமோட்டில் கூல் மோடு இருக்கிறதா? சிரிக்காதீர்கள், பசங்க ஃபேன் மோடில் வைத்துவிட்டு ஓடியதற்கு நான் ஒருதரம் விசிட் சார்ஜ் கட்டியிருக்கிறேன்.

2. ஃபில்டர். டெல்லிப் பக்கம் மே மாதம் ஆந்தி அடித்தால் கதவு ஜன்னல் மூடியிருந்தாலும் வீடு முழுக்க மண்ணு. சீசனில் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, காயவைத்து மாட்டுங்கள். முக்கியமான விஷயம்: ஃபில்டர் அடைத்திருந்தாலும் கேஜ் முள் குறைவாகத்தான் காட்டும். முள்ளை மட்டும் பார்த்து கேஸ் இல்லை என்று சொல்லக்கூடாது.

3. அவுட்டோர் யூனிட். அதன் முதுகில் இருக்கும் தகட்டு வரிசையில் மண் அப்பியிருந்தால் சூடு வெளியே போகாது. பால்கனியில் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு மெதுவான தண்ணியில் கழுவலாம். வெளிச்சுவரில் தொங்குகிறதா? தயவுசெய்து நீங்கள் ஏறாதீர்கள்.

4. உள் யூனிட்டிலிருந்து தண்ணி சொட்டுகிறதா? இது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வரும். மே மாதக் காற்றில் ஈரமே இல்லை. மழை வந்ததும் ஈரம் ஏறி, காயிலில் தண்ணி கொட்டும். டிரெயின் குழாய் அடைத்திருக்கும், அல்லது சரிவு சரியாக இருக்காது. இதற்கும் கேஸ் போட்டே ஆகணும் என்று எடுத்த எடுப்பில் சொல்பவரைச் சந்தேகப்படுங்கள்.

5. காயிலில் ஐஸ் கட்டுகிறதா? காற்று ஓட்டம் குறைந்தாலும் கட்டும், கேஸ் குறைந்தாலும் கட்டும். ஏசியை அணைத்து ஐஸ் உருகவிட்டு, ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள். மறுபடி கட்டினால் ஆளைக் கூப்பிடுங்கள்.

6. அவுட்டோர் ம்ம்ம் என்று முனகிவிட்டு நின்றுபோகிறதா? வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். இன்வெர்ட்டர் இல்லாத பழைய ஏசியில் கெப்பாசிட்டர் போயிருக்கலாம். சின்னப் பொருள்தான், ஆனால் கரண்டை அணைத்த பிறகும் உள்ளே சார்ஜ் இருக்கும். கை வைக்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்தாச்சு, மெக்கானிக்கும் கேஸ் இல்லை என்கிறார். அப்போது மூன்று கேள்வி. லீக் எங்கே? சரிசெய்தபின் நைட்ரஜன் அடைத்துச் சோதிப்பீர்களா, வேக்யூம் இழுப்பீர்களா? கேஸை எடைபோட்டுப் போடுவீர்களா? அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரில் கேஸின் பெயரும், தொழிற்சாலையில் எத்தனை கிராம் அடைத்தார்கள் என்பதும் இருக்கும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய ஏசிகளில் பெரும்பாலும் ஆர் 32, சிலவற்றில் ஆர் 290. ஆர் 290 என்பது ப்ரொபேன், நம்ம சமையல் சிலிண்டருக்குச் சொந்தக்காரன். ரெண்டுமே தீப்பிடிக்கக் கூடியவை. கேஸை வெளியேற்றாமல் குழாயில் நெருப்பு காட்டிப் பற்றவைக்க யாரையும் விடாதீர்கள். ஆர் 32 காற்றில் கலந்தால், அதே எடை கரியமில வாயுவைப் போல சுமார் 675 மடங்கு பூமியைச் சூடாக்கும். வருஷா வருஷம் கேஸ் போட்டு ஊரைக் குளிரவைத்தோம் என்று நினைத்தேன், நேர் எதிர்.

இப்போது மெக்கானிக்கைத் திட்டிவிட்டு முடிப்பேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? கொஞ்ச நாள் நானும் திட்டினேன். அப்புறம் நாலாவது மாடியில் பெல்ட்டு, கயிறு எதுவும் இல்லாமல் ஒரு பையன் சன்ஷேடில் காலை வைத்து நின்றதைப் பார்த்தேன். 45 டிகிரி வெயில். கீழே அடுத்த வீட்டுக்காரர் சர்வீசுக்கு 500 ரூபாய் அதிகம், 300 வாங்கிக்கொள் என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார். அதே ஆள் கேஸுக்கு 3,000 கேட்டால் மூச்சுவிடாமல் கொடுப்பார். நானும் அப்படித்தான் கொடுத்தேன். ஒரு மணி நேரம் லீக் தேடுவதற்குக் காசு கிடையாது, பத்து நிமிஷத்தில் கேஸ் அடித்தால் காசு உண்டு என்றால், யாராக இருந்தாலும் எதைச் செய்வார்கள்? நமக்கோ மொழி தகராறு, அவசரம், அம்மா வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேள்வி கேட்க வாய் வராததற்கும் சேர்த்துத்தான் அந்த 2,800.

இப்போது ஏப்ரல் முதல் வாரமே ஒருத்தரை வரவழைக்கிறேன். வந்ததும் சொல்லிவிடுகிறேன்: "பாய் சாப், லீக் தேடறதுக்குத் தனியா காசு தர்றேன், நிதானமா பாருங்க." என் ஓட்டை இந்தியில்தான். அதற்கு மரியாதை கிடைக்கிறது, வேலையும் நடக்கிறது. சித்தப்பா சொல்லி நட்டை மாற்றிய பிறகு நாலு கோடை தாண்டியாச்சு. ஒரு கிராம் கேஸ் போடவில்லை.

இந்த மே மாதமும் அம்மா வருகிறார். ஈரத்துண்டு தேவைப்படாது.

டிஸ்கி: நான் ஏசி மெக்கானிக் இல்லை. பிசிபி, கம்ப்ரசர் சந்தேகங்களை என்னிடம் கேட்டால் நானும் "கேஸ் கதம்" என்றுதான் சொல்லுவேன் :-)