பந்தைப் பார்க்காமல் ஆட்டத்தைப் பார்ப்பவர்கள்: கூடைப்பந்து வலைப்பதிவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள்?

நியூயார்க்கில் குளிர்கால இரவு மணி 7.30. சிங்கப்பூரில் அப்போது மறுநாள் காலை 8.30. நீங்கள் எம்ஆர்டியில் நின்றுகொண்டு கைத்தொலைபேசியை எடுக்கும்போது அங்கே என்பிஏ ஆட்டம் ஒன்று தொடங்கியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது ஆட்டம் முடிந்து, அதைப் பற்றிய அலசலும் வந்திருக்கும். ஏன் தோற்றார்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் யாரை உட்கார வைத்தது தப்பு, எல்லாம் படத்தோடு, புள்ளிவிவரத்தோடு.

எழுதியவர் அரங்கில் இருந்திருப்பார் என்றுதான் நினைப்போம். பல நேரங்களில் இல்லை. வீட்டுச் சோபாவில், மடியில் கணினியோடு இருந்திருப்பார். காலையில் அவருக்கு வேறு வேலைக்கும் போகணும்.

என்பிஏயில் 30 அணிகள். வழக்கமான பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டங்கள், மொத்தம் 1,230. எந்தப் பத்திரிகையாலும் அத்தனையையும் நுணுக்கமாகப் பார்த்து எழுத முடியாது. அந்த இடைவெளியில் வந்தவர்கள்தான் வலைப்பதிவர்கள். ஜான் ஹாலிஞ்சர் 1996இலேயே சொந்த இணையத்தளத்தில் எழுத ஆரம்பித்தவர். ஹென்றி அபோட் 2005இல் தொடங்கிய ட்ரூஹூப் தளத்தை 2007இல் இஎஸ்பிஎன் வாங்கியது. பிறகு அதன்கீழ் அணிக்கு ஒரு வலைப்பதிவு என்று பெரிய வலையமைப்பே உருவானது.

முதல் தடவை ரசிகர், இரண்டாம் தடவை மாணவர்

ஆட்டம் நேரலையில் ஓடும்போது நிதானமாக யோசிக்க நேரம் இருக்காது. ஒரு பக்கம் சமூக ஊடகத்தில் பதிவு, இன்னொரு பக்கம் பாதி எழுதிய செய்தி. கடைசி நிமிடத்தில் ஆட்டம் தலைகீழானால் முதல் மூன்று பத்தியையும் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியதுதான்.

உண்மையான வேலை அதற்குப் பிறகு. ஆட்டத்தை மறுபடி ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் தள்ளிப் பார்ப்பது. இந்த முறை கண் பந்தின் மேல் இருக்காது. களத்தில் 10 பேர், பந்து ஒருவர் கையில். மீதி ஒன்பது பேர் என்ன செய்கிறார்கள்?

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் ஸ்டீஃபன் கர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கூடையிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றாலும் எதிரணி விட்டுவைக்காது. சக வீரர் டிரேமண்ட் கிரீன் குறுக்கே நின்று தடுப்பு போட்டவுடன், இரண்டு பேர் கர்ரியை மறிக்க ஓடுவார்கள். கர்ரி உடனே பந்தை நடுவில் இருக்கும் கிரீனிடம் தட்டிவிடுவார். இப்போது கூடைப் பக்கம் நாலு பேர், தடுக்க மூன்று பேர்தான். கிரீன் அதை மூலையில் காத்திருப்பவருக்கு அனுப்ப, அவர் மூன்று புள்ளி எடுப்பார்.

ஆட்டத்தின் புள்ளிப் பட்டியலைப் பாருங்கள். புள்ளி எடுத்தவருக்குப் பேர். கடைசியாகப் பந்து கொடுத்த கிரீனுக்கும் பேர். எல்லாவற்றையும் தொடங்கி வைத்த கர்ரிக்கு அந்த வரிசையில் ஒன்றுமே இருக்காது. "நடந்தது இதுதான்" என்று காணொளியை நிறுத்தி அம்புக்குறி போட்டுக் காட்டியதுதான் வலைப்பதிவர்களின் பெரிய பங்களிப்பு. நாளிதழில் வீரர் சொன்ன இரண்டு வரிக்குக் கிடைத்த இடம், அங்கே ஒரே ஒரு தாக்குதலின் எட்டு விநாடிக்குக் கிடைத்தது.

எண்களும் கைகொடுத்தன. 2013இல் என்பிஏ தன் புள்ளிவிவரத் தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 2013-14 பருவத்திலிருந்து எல்லா அரங்குகளின் கூரையிலும் கேமராக்கள் வீரர்களின் ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்ய ஆரம்பித்தன. அந்தத் தளத்தின் பின்னணியில் வீரர்கள் நின்ற இடங்களின் மூலத் தரவு கிடப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்து எடுத்துப் பயன்படுத்தினார்கள். 2016 தொடக்கத்தில் அந்தக் கதவு மூடப்பட்டது. இன்று வெளியாட்களுக்குக் கிடைப்பது லீக் கூட்டிக் கழித்துக் கொடுக்கும் எண்கள் மட்டுமே.

வீட்டில் தெரியாதது என்ன?

தொலைக்காட்சி கேமரா பந்தின் பின்னால்தான் போகும். ஒருவர் புள்ளி எடுத்தவுடன் அவர் முகத்தைக் காட்டும். அதற்குள் எதிரணியின் அடுத்த தாக்குதலின் முதல் இரண்டு விநாடி போயே போச்சு. அரங்கில் இருப்பவருக்கு முழுக் களமும் தெரியும். தற்காப்பில் யார் சத்தம் போட்டு மற்றவர்களை நகர்த்துகிறார், பெஞ்சில் யார் யாரோடு பேசாமல் இருக்கிறார் என்பதும் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் லீக் பாஸ் சந்தா கட்டினாலும் உள்ளூர் அணியின் ஆட்டத்தை நேரலையில் பார்க்க முடியாது. உள்ளூர் ஒளிபரப்பாளரின் உரிமையைப் பாதுகாக்கத்தான் இந்தத் தடை. அதனால் பாஸ்டனில் உட்கார்ந்து செல்டிக்ஸ் அணியைப் பற்றி எழுதுபவர் தனியாக இன்னொரு சந்தா கட்டணும்!

உள்ளே விடலாமா?

2008 மார்ச்சில் டல்லஸ் மேவரிக்ஸ் அணியின் அப்போதைய உரிமையாளர் மார்க் கியூபன், முழுநேர வலைப்பதிவர்களை வீரர்களின் உடைமாற்றும் அறைக்குள் விட மறுத்தார். தடையில் சிக்கியவர் ஒரு நாளிதழின் வலைப்பதிவுக்காக எழுதியவர். கியூபனே ஒரு வலைப்பதிவர் என்பதுதான் இதில் விசேஷம். அனுமதி பெற்ற ஊடகத்தின் வலைப்பதிவரையும் மற்றச் செய்தியாளரைப் போலவே நடத்த வேண்டும் என்றது என்பிஏ. கியூபன் சும்மா இருக்கவில்லை. அப்படியென்றால் பள்ளி இணையத்தளத்துக்கு எழுதும் பிள்ளைகள்கூட வரலாம் என்று எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டார்.

கிண்டல்தான். ஆனால் கேள்வி இன்னும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவரால் ஒரு தற்காப்பு எங்கே உடைந்தது என்று காட்ட முடியும். அது பயிற்றுநரின் திட்டமா, வீரரின் தவறா என்று கேட்க முடியாது. கேட்காமல் ஊகித்து எழுதினால் ஓர் இளம் வீரரின் பேர் கெட்டுப்போகும். இதில் வலைப்பதிவர்கள் பலமுறை சறுக்கியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உள்ளே போகிறவருக்கு வேறு சிக்கல்: நாளைக்கும் அதே அறைக்குள் போகணுமே என்ற தயக்கம்.

சம்பளம் யார் தருவது?

திறமையை அணிகள் கவனித்தன. ஹாலிஞ்சரை 2012 டிசம்பரில் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணி நிர்வாகத்தில் துணைத் தலைவராகச் சேர்த்துக்கொண்டது. செல்டிக்ஸ் வலைப்பதிவில் எழுதிய சாக் லோவ் பின்னர் இஎஸ்பிஎன்னின் மிகவும் மதிக்கப்பட்ட கூடைப்பந்து எழுத்தாளர் ஆனார்.

இவை ஏறிப் போனவர்களின் கதைகள். மற்றவர்களுக்கு மாதாமாதம் சிறு தொகை, சிலருக்கு அதுவும் இல்லை. கலிஃபோர்னியா மாநிலம் 2020 முதல் நடப்புக்குக் கொண்டுவந்த ஏபி5 சட்டம், தற்சார்பு எழுத்தாளர் ஒரே நிறுவனத்துக்கு ஆண்டில் 35 படைப்புகளுக்கு மேல் எழுதினால் அவரை ஊழியராகக் கருத வேண்டும் என்றது. நல்ல நோக்கம்தான். ஆனால் 82 ஆட்டத்துக்கு எழுதுபவருக்கு 35 எந்த மூலைக்கு? 2020இலேயே நீக்கப்பட்ட அந்த வரம்பு பருவத்தின் பாதிக்குக்கூட வரவில்லை. எஸ்பி நேஷன் தளங்களை நடத்திய வாக்ஸ் மீடியா, 2019 டிசம்பரில் அந்த மாநிலத்தின் சுமார் 200 தற்சார்பு எழுத்தாளர்களின் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. அவர்களுக்குப் பதிலாக உருவான ஊழியர் இடங்கள் ஏறத்தாழ 20.

மேலே போனவர்களுக்கும் உத்தரவாதம் இல்லை. 2024 செப்டம்பரில் இஎஸ்பிஎன் லோவை வேலையிலிருந்து நீக்கியது. அதற்கு இரண்டே மாதத்துக்கு முன்னால்தான் அதன் தாய் நிறுவனமான டிஸ்னி, என்பிசியுனிவர்சல், அமேசான் ஆகியவற்றுடன் சேர்ந்து என்பிஏயோடு 11 ஆண்டு ஒளிபரப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டிருந்தது. அதன் மதிப்பு சுமார் 76 பில்லியன் அமெரிக்க டாலர்.

இப்போது பலர் வாசகர்களிடமே நேரடியாகக் கேட்கிறார்கள். சப்ஸ்டாக்கில் மாதச் சந்தா, பேட்ரியானில் ஆதரவு, யூடியூபில் விளம்பரம். பென் டெய்லரின் திங்கிங் பாஸ்கெட்பால் போன்ற ஒளிவழிகள் ஒரே ஒரு வீரரைப் பற்றி நிதானமாகப் பேசியே பெரிய ரசிகர் கூட்டத்தைச் சேர்த்திருக்கின்றன.

அந்தக் காணொளிகளில் வரும் ஆட்டக் காட்சிகள் மட்டும் இன்னமும் லீக்கின் சொத்து. விமர்சனத்துக்காகச் சிறு துணுக்குகளைப் பயன்படுத்த அமெரிக்கச் சட்டத்தில் இடம் உண்டு, என்பிஏயும் இதுவரை பெரும்பாலும் கண்டும் காணாமல் இருந்திருக்கிறது. ஆனால் காப்புரிமைப் புகார் ஒன்று வந்தால், ஒருவர் மூன்று வாரம் உட்கார்ந்து செய்த காணொளி அன்றைக்கே காணாமல் போகலாம்.