கூலிங் சார்ஜ் பத்து ரூபாய்

டிஸ்கி: குடி உடம்புக்குக் கேடு. இது பீர் குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. குடிக்காதவங்களும் படிக்கலாம், உங்க பிள்ளையோட மாம்பழ ஜூஸும் இதுல வருது.

போன வாரம் சேலத்துல இருந்து மச்சான் வந்திருந்தார். பெங்களூர்னா குளிரும்னு நம்பி வந்த மனுஷன், லிங்கராஜபுரம் வெயில்ல வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டார். சாயங்காலம் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடைக்குப் போய் ரெண்டு பீர் கேட்டோம். பாட்டில்ல அச்சடிச்ச விலையை மனசுல கூட்டி வச்சிருந்தேன் (தொழில் புத்தி). கடைக்காரத் தம்பி அதுக்கு மேல இருபது ரூபாய் கேட்டார்.

"கூலிங் சார்ஜ் சார். நார்மலா எடுத்தா எம்.ஆர்.பி.தான்."

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள மச்சான், "விடுங்க மாப்ள, ஊர் உலகத்துல எல்லாரும் கொடுக்கறதுதானே" என்றார்.

இந்த "விடுங்க மாப்ள"தான் எனக்குப் பிரச்சினை. பேங்க் கவுன்டர்ல எஸ்.எம்.எஸ். கட்டணம்னு பதினஞ்சு ரூபாய் பிடிச்சா, அதே மனுஷங்க பாஸ்புக்கைத் தூக்கிக்கிட்டு வந்து என் மேஜையைத் தட்டறாங்க. தட்டணும், அது அவங்க உரிமை. ஆனா எந்த போர்டுலயும் எழுதாத, எந்த பில்லுலயும் வராத பத்து ரூபாய்க்கு மட்டும் எப்படிப் பெருந்தன்மை வருதுன்னு தெரியல.

சரி, பி.காம். படிச்சவன் கணக்கு ஒண்ணு போடறேன். 650 மில்லி பீர், கண்ணாடி பாட்டிலோட சேர்த்து, 30 டிகிரியில இருந்து 5 டிகிரிக்கு இறங்கணும்னா எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 80 கிலோஜூல். அதாவது ஒரு யூனிட்டுல 2 சதவீதம் சொச்சம். யூனிட் பத்து ரூபாய்னே வைங்க, 22 பைசா! கதவைத் திறந்து மூடறது, ராத்திரியெல்லாம் ஓடறது எல்லாம் சேர்த்து அந்தப் பெட்டி நாளுக்கு 10 யூனிட் இழுக்குதுன்னு தாராளமா விட்டாலும் நூறு ரூபாய். நூறு பாட்டில் வித்தா தலைக்கு ஒரு ரூபாய். மீதி ஒன்பது எதுக்கு? அந்த கண்ணாடிக் கதவுப் பெட்டியைப் பல கடைகளுக்குக் குளிர்பானக் கம்பெனிகளே கொடுக்குது, அது வேற கதை.

கூலிங் சார்ஜ் நியாயமா இருந்த காலம் ஒண்ணு உண்டு. 1833ல பாஸ்டன்ல இருந்து ஃபிரெடரிக் டியூடர் கல்கத்தாவுக்குக் கப்பல்ல ஐஸ் அனுப்பினார். 180 டன் ஏத்தினதுல கிட்டத்தட்ட 100 டன்தான் கரையாம வந்து சேர்ந்தது. நாலு மாசப் பயணம். அந்த ஐஸை வச்சு விக்கத்தான் மெட்ராஸ் கடற்கரையில 1842ல ஐஸ் ஹவுஸ் கட்டினாங்க. 1897ல விவேகானந்தர் வந்து தங்கினதால இப்ப அது விவேகானந்தர் இல்லம். அதுக்கும் முன்னாடி வெடியுப்பைத் தண்ணியில கரைச்சு அதுல பாட்டிலைச் சுத்திச் சுத்திக் குளிரவைக்க, ஆப்தார்னு தனியா ஒரு ஆள் வெள்ளைக்காரன் வீட்ல இருப்பார். அவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். பிளக் சொருகினவருக்கு எதுக்குங்க?

உட்கார வச்சு, கிளாஸ் வச்சு, பரிமாறற ஹோட்டல் வேற. அங்க எம்.ஆர்.பி.க்கு மேல வாங்கலாம்னு 2017 டிசம்பர்ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. தமிழ்நாட்டு டாஸ்மாக்ல காலி பாட்டிலுக்காக வாங்கற பத்து ரூபாயும் வேற. அது 2022ல நீலகிரியில ஆரம்பிச்ச திட்டம், பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா காசு திரும்ப வரும். நான் கேக்கறது திரும்பி வராத பத்தைப் பத்தி.

அன்னிக்கு நான் "நார்மலே கொடுங்க"ன்னு வாங்கிட்டு வந்தேன். மச்சான் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! வீட்ல பக்கெட்ல ஐஸ், அது மூழ்கற அளவு தண்ணி, ரெண்டு கைப்பிடி கல்லுப்பு. வெறும் ஐஸ்னா அங்கங்கதான் தொடும், தண்ணி இருந்தாதான் பாட்டிலைச் சுத்திப் பிடிக்கும். உப்பு போட்டா பூஜ்யத்துக்குக் கீழ போகும். அப்பப்ப பாட்டிலைத் திருப்பி விட்டா இருபது நிமிஷம் போதும். ஃப்ரீசர்ல மட்டும் வச்சிட்டு மறந்துடாதீங்க. தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் பெருக்கும். எங்க வீட்ல ஒரு தடவை பாட்டில் வெடிச்சு, பக்கத்துல இருந்த இட்லி மாவு முழுக்கக் கண்ணாடித் தூள். அந்த வாரம் முழுக்க உப்புமாதான்.

ஈரத்துணி சுத்தறதும் நல்ல வழி, ஆனா ஊரைப் பொறுத்தது. ஏப்ரல் மத்தியானம் பெங்களூர்ல காத்து வறண்டிருக்கும், துணி காயக் காய பாட்டில் குளிரும். சென்னைப் புழுக்கத்துல அது அவ்வளவா வேலைக்கு ஆகாது. அங்க அமெரிக்காக்காரன் மாட்டற ஸ்பாஞ்சு உறைதான் சரி. கேன் மேல வேர்க்குதே, அந்த வேர்வை குளிரவைக்குதுன்னு நினைப்போம். நேர்மாறு! வாஷிங்டன் பல்கலைக்கழகத்து டுரானும் ஃபிரியர்சனும் 2013ல எழுதினாங்க: முடி கனத்துக்கு நீர் படிஞ்சாலே கேன் உள்ள 5 டிகிரி ஏறிடும். உறை போட்டா அது படியாது.

இப்ப ஜூஸ். ஓசூர் தாண்டி நெடுஞ்சாலைக் கடையில இருபது ரூபாய்த் தண்ணி பாட்டிலை இருபத்தஞ்சுக்குக் கொடுக்கறாங்களே, குழந்தை கேக்குற மாம்பழ ஜூஸுக்கு அஞ்சு கூட வாங்கறாங்களே, அதுவும் இதேதான். பீர் விலையை மாநிலக் கலால் துறை பார்த்துக்குது. தண்ணிக்கும் ஜூஸுக்கும் 2011 பொட்டலப் பொருள் விதிகள்ல 18ஆம் விதி இருக்கு: அச்சடிச்ச விலைக்கு மேல சில்லறையில விக்கக் கூடாது. 'குளிர்ந்திருந்தால் தவிர'ன்னு அதுல எங்கயும் இல்ல. புகார் பண்ண தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. (யுனைடெட் புரூவரீஸ் ஆரம்பிச்ச வருஷமும் 1915தான், சும்மா ஞாபகத்துக்கு.)

மே லீவுக்கு ஊருக்குப் போறோம். நான் அந்தக் கடையில அஞ்சு ரூபாய்க்கு நின்னு பேசுவேன். வீட்டம்மா கார்ல உட்கார்ந்து ஹாரன் அடிப்பாங்க. அதையும் இப்பவே சொல்லிட்டாங்க.