சமயநல்லூரில் பாறை எங்கே இருக்கிறது?

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற நாலுவழிச் சாலையில் சமயநல்லூரைத் தாண்டும்போது, ஏணி வைத்து ஏறுகிற உயரத்தில் தூக்கி நிறுத்திய ஒரு தார் ஜீப் எதிரே வருவது இப்போது அதிசயம் இல்லை. டயர் பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும், கூரையில் விளக்குகள் வரிசை கட்டும், பின்னால் ஒரு மண்வெட்டியும் தொங்கும். அந்த மண்வெட்டியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. இவ்வளவும் செய்து முடித்தவருக்கு அடுத்து வருகிற ஆசைதான் லாங் ஆர்ம் கிட்.

"அண்ணே, நாலு இஞ்சு போடலாமா, ஆறு இஞ்சு போடலாமா? எந்த கம்பெனி கிட் நல்லது?" என்றுதான் பட்டறையில் பேச்சு தொடங்குகிறது. முதல் கேள்வியே தப்பு. தன் வண்டியில் நீளமாக்குவதற்கு ஆர்ம் என்று ஒன்று இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இந்த ஆர்ம் என்பது என்ன? லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் இருப்பது பட்டை ஸ்பிரிங். அந்தப் பட்டையே எடையையும் தாங்கும், ஆக்சில் முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்தும் வைக்கும். சுருள் ஸ்பிரிங்குக்கு இந்த இரண்டாவது வேலை தெரியாது. எடையை மட்டும் தாங்கும். ஆக்சிலைப் பிடித்து வைக்கச் சேஸிலிருந்து இரும்புக் கைகள் வேண்டும். அவைதான் கன்ட்ரோல் ஆர்ம்.

கை ஒரு முனையில் கீல் போட்ட கதவு மாதிரி. ஆக்சில் கீழே இறங்கினால் நேராக இறங்காது, வட்டத்தின் ஓரத்தில் இறங்கும். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள கை ஒன்று தரைக்கு இணையாகப் படுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 10 சென்டிமீட்டர், அதாவது நாலு இஞ்சு தூக்கினால் கை 14 பாகைக்கு மேல் சரிகிறது. பள்ளத்தில் சக்கரம் இன்னும் 15 சென்டிமீட்டர் தொங்கினால் சரிவு 39 பாகையைத் தொடுகிறது, ஆக்சில் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் இழுபட்டுவிடுகிறது. சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. மேட்டில் மோதும்போது அந்தக் கை அதிர்ச்சியை ஸ்பிரிங்குக்கு அனுப்பாமல் நேராகச் சேஸில் குத்துகிறது. அதே கணக்கை 80 சென்டிமீட்டர் கைக்குப் போட்டால் சரிவு 18 பாகை, இழுப்பு 4 சென்டிமீட்டர். லாங் ஆர்மின் மகிமை இவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிதாகரஸ் தேற்றம் போதும், யூடியூப் தேவையில்லை.

ஆக, இது குட்டைக் கையோடு பிறந்த வண்டியை நாலு இஞ்சுக்கு மேல் தூக்கியதால் வந்த நோய்க்கு மருந்து. அமெரிக்காவில் 1984 மாடலாக வந்த ஜீப் செரோகியின் முன்பக்கமும், 1997 மாடலாக வந்த ராங்லரின் நான்கு சக்கரமும் குட்டைக் கையும் சுருள் ஸ்பிரிங்கும் கொண்டவை. யூட்டா மாநிலத்து மோஆப் பாறைகளிலும் கலிபோர்னியாவின் ரூபிகன் தடத்திலும் அவற்றை ஓட்டியவர்கள் தூக்கினார்கள், நோய் வந்தது, மருந்து கண்டுபிடித்தார்கள். நோய் இல்லாதவன் மருந்தை மட்டும் வாங்கிச் சாப்பிடுவதைத்தான் நம் ஊரில் 'அப்கிரேடு' என்கிறார்கள்.

சரி, தாருக்கு வருவோம். 2010-இல் வந்த தாரில் டிஐ மாடலுக்கு முன்னும் பின்னும் பட்டை. சிஆர்டிஇ மாடலுக்கு முன்னால் டார்ஷன் பார் வைத்த தனித்தனி சஸ்பென்ஷன், பின்னால் பட்டை. நீளமாக்கக் கையே கிடையாது! போட்டே தீருவேன் என்றால் பட்டையை வெட்டி எறிந்துவிட்டு, சேஸில் புதுப் பிராக்கெட் வெல்டிங் வைத்து, சுருள் ஸ்பிரிங்குக்கு மாற்ற வேண்டும். அது கிட் மாட்டுவது அல்ல, வண்டியின் அடிப்பாகத்தை மறுபடியும் வடிவமைப்பது. அந்த வேலையைப் பொறியாளர் செய்கிறாரா, வெல்டிங் ராடு பிடிக்கத் தெரிந்த பையன் செய்கிறானா என்பதில் நாலு பேர் உயிர் இருக்கிறது.

2020 அக்டோபரில் வந்த தாரில் முன்னால் டபுள் விஷ்போன், பின்னால் சுருள் ஸ்பிரிங்கும் கைகளும் வைத்த முழு ஆக்சில். பின்பக்கத்துக்கு வேண்டுமானால் லாங் ஆர்ம் என்ற பேச்சுக்கு அர்த்தம் உண்டு. முன்பக்கத்தில் விஷ்போனை நீளமாக்கினால் சக்கரம் வெளியே போகும், டிரைவ் ஷாஃப்டும் அதற்கேற்ற நீளத்தில் வேண்டும். முன்னங்கால் குட்டையாகவும் பின்னங்கால் நீளமாகவும் இருக்கிற மாட்டை அலங்காநல்லூர் வாடிவாசலில் யாரும் அவிழ்த்துவிட மாட்டார்கள். வண்டியில் மட்டும் அது பரவாயில்லையா?

இன்னொரு மூடநம்பிக்கையையும் இங்கேயே உடைத்துவிடலாம். வண்டியைத் தூக்கினால் அடியில் கல் இடிக்காது என்கிறார்கள். தூக்குவது சேஸையும் பாடியையும் மட்டும்தான். பின் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் உருண்டை தூக்குவதற்கு முன்னால் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கும். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர், அதிலும் விட்டத்தில் கூடியதில் பாதிதான் கிடைக்கும். போதாக்குறைக்கு லாங் ஆர்மின் மறுமுனை வண்டியின் வயிற்றுப் பகுதிக்கு வந்துவிடுகிறது. மேட்டில் ஏறி இறங்கும்போது முதலில் இடிக்கிற இடம் அந்த வயிறுதான். காசு கொடுத்து வாங்கிய உயரத்தில் ஒரு பங்கை அந்தப் பிராக்கெட்டே தின்றுவிடும்.

இனி நிலத்தைப் பார்ப்போம். சமயநல்லூரைச் சுற்றி என்ன இருக்கிறது? தேனூர்ப் பக்கம் வைகை மணல். சோழவந்தான் பக்கம் வயலும் வெற்றிலைக் கொடிக்காலும். கண்மாய்க் கரை, மழை பெய்தால் வழுக்குகிற வண்டல், வெயிலில் வெடித்த கரம்பை. மணலுக்கு வேண்டியது டயரில் காற்றைக் குறைப்பது. 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் அகன்று மணலில் மிதக்கும். செலவு ஒரு பிரஷர் கேஜும், திரும்பி வரும்போது காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸரும். சேற்றுக்கு வேண்டியது டயரின் பட்டன். கன்ட்ரோல் ஆர்ம் எவ்வளவு நீளம் என்று சேறு கேட்பதில்லை. நீண்ட கை உதவுகிற ஒரே இடம் பாறை, ஒரு சக்கரம் மேலேயும் இன்னொன்று குழியிலும் தொங்குகிற இடம். பாறை வேண்டுமென்றால் சிறுமலை இருக்கிறதே என்பார்கள். அங்கே இருப்பது காப்புக்காடு, அனுமதி இல்லாமல் வண்டியை உள்ளே இறக்குவது குற்றம். தார்ச்சாலை வழியாக மேலே போவதற்கு மாருதி 800 போதும்.

உண்மையான பாறையில் தினமும் ஓட்டுகிறவர்கள் யார்? சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏற்றுகிற ஜீப்காரர்கள். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடிவதற்கு முன்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் டிரைவர்கள். அந்தப் பழைய மஹிந்திரா ஜீப்புகளின் அடியில் குனிந்து பார்த்தால் பட்டைதான் தெரியும். லோ கியர் போட்டு, சக்கரத்தை எந்தக் கல்மேல் வைக்க வேண்டும் என்று கண்ணால் அளந்து, கிளட்சைப் பொசுக்காமல் ஏற்றிவிடுவார்கள். அவர்களுக்கு அது சோறு. இங்கே படம் எடுத்துப் போடுகிறவருக்கு அது சட்டை.

படத்தோடு நின்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அதே வண்டியில்தான் அம்மாவையும் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு நாலுவழிச் சாலையில் நூறில் போகிறார்கள். தூக்கிய வண்டியின் எடை மையம் மேலே போகிறது. காஸ்டர் கோணம் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் அலையும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் எல்லாம் பழைய நீளத்திலேயே இருந்தால் சக்கரம் தொங்கும்போது விண்ணென்று இழுபடும். புதிய தாரில் கவிழாமல் காப்பாற்ற மின்னணு நிலைப்பு ஏற்பாடு உண்டு. அது கம்பெனி உயரத்துக்குக் கணக்குப் போட்டு வைத்தது. பட்டறையில் உயர்த்திய உயரம் அதற்குத் தெரியாது. திடீரென்று டிராக்டர் குறுக்கே வந்து ஸ்டியரிங்கை ஒடிக்கிற அந்த ஒரு விநாடியில், சாலையோரம் சைக்கிளில் போகிறவருக்கும் இதில் பங்கு உண்டு. அவரை யாரும் கேட்டு கிட் மாட்டுவதில்லை.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "யாருண்ணே பிடிக்கப்போறா?" என்பது வழக்கமான பதில். போலீஸ் பிடிக்காமல் போகலாம். விபத்துக்குப் பிறகு வருகிற இன்சூரன்ஸ் சர்வேயர் குனிந்து பார்ப்பார், அவருக்குச் சேஸில் புது வெல்டிங் தெரியும்.

பி.காம். முதல் வருடத்திலேயே மூழ்கிய செலவு என்று ஒன்று சொல்லிக்கொடுக்கிறார்கள். போட்ட பணம் திரும்பாது, அதைக் காரணம் காட்டி மேலும் போடாதே என்பது பாடம். லாங் ஆர்ம் வியாபாரம் நிற்பதே இதை மறக்கவைப்பதில்தான். கிட் மாட்டியதும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி நடுங்கும், ஷாஃப்ட் மாற்று. ஷாக் அப்சார்பர் எட்டாது, அதை மாற்று. டயர் சின்னதாகத் தெரியும், பெரிதாகப் போடு. டயர் பெரிதானதும் வண்டி இழுக்காது, கியர் விகிதத்தை மாற்று. "இவ்வளவு போட்டுட்டோமே" என்கிற ஒரு வார்த்தை ஒவ்வொரு பில்லிலும் ஒளிந்திருக்கிறது. விற்கும்போது வாங்குகிறவர் கேட்பதோ, "ஒரிஜினலா இருக்கா தம்பி?"

அந்தப் பணத்தில் நல்ல டயர், கம்பெனி உயரத்திலேயே தரமான ஷாக் அப்சார்பர், இழுத்து மீட்கிற கயிறு எல்லாம் வாங்கலாம். மிச்சத்தில் இரண்டு நாள் ஓட்டுநர் பயிற்சிக்கும் போகலாம். புதிய தார் கம்பெனியிலிருந்து வரும்போதே தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம், 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும் தகுதி. அந்த எல்லையைத் தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

லாங் ஆர்ம் யாருக்குமே வேண்டாம் என்பதல்ல. 2014-இல் கோவாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரியான போட்டிக்கு, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குகிற வண்டிக்கு, முழு ஆக்சிலும் சுருள் ஸ்பிரிங்கும் இருக்கிற வண்டிக்கு, அது சரியான கருவி. அவர்கள் கிட் தேர்ந்தெடுக்கும்போது கம்பெனிப் பெயரைக் கேட்பதில்லை. பிராக்கெட் போல்ட்டா வெல்டிங்கா, வயிற்றில் எவ்வளவு இறங்கும், கை முனையில் ரப்பர் புஷ்ஷா இரும்பு ஜாயின்டா, நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாமா, ஷாஃப்டின் கோணம் எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். சமயநல்லூர்த் தம்பியும் இதே ஐந்து கேள்வியைப் பட்டறையில் கேட்டுப் பார்க்கட்டும். பதில் சொல்லாமல் அண்ணன் விலைப்பட்டியலை எடுத்து நீட்டினால், சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை வெளியே எடுத்துவிடலாம்.